அப்பா நடந்த அறுபது கிலோமீட்டர்

அப்பா இறந்து ஒரு வருடம் முடிந்த மறுநாள் அம்மா என்னிடம் கேட்டார்: "நடந்தேன் நடந்தேன்னு சொன்னாரே உங்கப்பா, அந்த வழிய ஒரு தடவ பாத்துட்டு வரலாமா?" இந்த மார்கழியில் நாங்கள் கல்வராயன் மலைக்குப் போனது அதற்காகத்தான்.

அப்பா ராணுவத்தில் ஹவில்தார். அம்மா அப்போது வெள்ளிமலையில் ஆசிரியை. எண்பத்தேழில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரத்தில், பத்து நாள் லீவில் வந்த அப்பா இரண்டு நாள் தாமதமாக வெள்ளிமலை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எலவனாசூர்கோட்டைக்கு மேல் சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், டிரங்குப் பெட்டியோடு நடந்தே வந்தேன் என்றார். மரம் கிடந்ததை அம்மா நம்பினார், இரண்டு நாளை நம்பவில்லை. காரணம் ஒரு கம்பளி. கேன்டீனில் வாங்கிய ஜோடியில் ஒன்றுதான் எங்களுக்கு வந்தது. மற்றது வழியில் வடக்கனந்தலில் இருக்கும் அத்தை வீட்டில் இருந்தது. பெண்டாட்டியைப் பார்க்கும் முன்பே தங்கச்சி வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டார் என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டார். "வாசல்லயே குடுத்துட்டுக் கெளம்பிட்டேன்" என்ற அப்பாவின் மேல்முறையீடு கடைசிவரை தள்ளுபடிதான். அத்தையோடும் விசேஷ வீடுகளில் ஒரு சிரிப்பு, அதோடு சரி.

விழுப்புரத்திலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வாடகைக் கார், போய்வர 3,500 ரூபாய். ஏழேகாலுக்கு எலவனாசூர்கோட்டை. இங்கிருந்து மீட்டரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார் அம்மா. ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் சொன்னால் செய்துவிடுவது நல்லது என்றேன்.

கள்ளக்குறிச்சியில் இட்லி சாப்பிட்டு, ஒன்பதரைக்கு வடக்கனந்தல். "நிறுத்துங்க" என்றார் அம்மா. எனக்கே ஆச்சரியம்.

அத்தைதான் கதவைத் திறந்தார். "இன்னா அண்ணி, சொல்லாம கொள்ளாம! உள்ள வாங்க."

அம்மா நேராகவே கேட்டார். "அந்த மரம் வெட்டுன வருஷம், அவரு இங்க எத்தினி நாள் இருந்தாரு?"

"நாளா?" அத்தைக்குக் குரல் ஏறிவிட்டது. "வாசல்லயே நின்னுக்கினு ஒரு சொம்பு தண்ணி குடிச்சுது. காலெல்லாம் கொப்புளம். உள்ள வந்து சாப்புடுண்ணான்னு கையப் புடிச்சு இழுத்தேன். மொதல்ல என் வூட்டுக்குப் போவணும்னு கம்பளிய என் கையில திணிச்சிட்டு நடந்துக்கினே இருந்துது. கூடப் பொறந்தவ கையால ஒரு வாய் சோறு கூடவா துன்னக் கூடாது? அதுலேர்ந்து எனக்கு அண்ணன் மேல கோவம். உங்க மேல அதவிட ஜாஸ்தி."

ஒரே வாசலுக்காக இரண்டு பேரும் இத்தனை வருடம் முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! நான் சிரித்தேன். அடுத்து அம்மா சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர வர. அத்தையும் சேர்ந்துகொண்டார்.

அத்தை ஒரு பையோடு வந்து காரில் ஏறினார். கச்சிராயப்பாளையம் தாண்டியதும் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு அப்பாதான் பேச்சு. ஓய்வுபெற்று வந்தபின் காலை ஐந்து மணிக்கு எங்கள் ஷூக்களை வரிசையாக வைத்துப் பாலிஷ் போட்டது, அம்மா புடவைக்கும் ராணுவ மடிப்பில் இஸ்திரி போட்டது, என் பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க சென்ட்ரி போலக் காவல் நின்றது. பன்னிரண்டு மணிக்கு வெள்ளிமலை. அம்மா எட்டி மீட்டரைப் பார்த்தார். அறுபது கிலோமீட்டர்.

"பொட்டியத் தூக்கிக்கினு, மரத்தத் தாண்டித் தாண்டி..." என்று விரலில் கணக்குப் போட்டார். "ரெண்டு நாள் ஆவத்தான் செய்யும்."

அத்தை பையைத் திறந்து அந்தக் கம்பளியை எடுத்தார். அம்மா மடியில் அதன் ஜோடி தயாராக இருந்தது. குளிர்காற்றில் இருவரும் ஆளுக்கொன்றைப் போர்த்திக்கொண்டு டீ குடித்தார்கள். அப்பா பார்த்திருந்தால் அட்டென்ஷனில் நின்றிருப்பார்.

போகிறவர்களுக்கு: கள்ளக்குறிச்சியிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். மாலை நான்குக்குள் இறங்கிவிடுங்கள். மார்கழியில் கம்பளி கட்டாயம். வழியில் சொந்தக்காரர் வீடு இருந்தால், எவ்வளவு அவசரமானாலும் உள்ளே போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.