சம்மதம் கேட்க ஆள் இல்லாத காணி

என் சீதன வீட்டைத் தங்கச்சியின் பெயருக்கு எழுதப்போன இடத்தில்தான், நான் விவாகரத்தானவள் என்பதே எனக்கு நினைவு வந்தது. சொன்னால் சிரிப்பார்கள். இப்போது நானும் சிரிக்கிறேன், அப்போது சிரிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில்தான் தங்கச்சி குடும்பத்தோடு இருக்கிறாள். கூரை முழுக்க ஒழுக்கு. மாரிக்கு முதல் ஓடு மாற்றாவிட்டால் சுவரும் மிஞ்சாது என்று மேசன் சொல்லிவிட்டார். வங்கியில் கடன் கேட்டால், வீட்டின் உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில் இல்லையே என்கிறார்கள். கடைசியில் ஒருநாள் தொலைபேசியில் தயங்கித் தயங்கி, வீட்டைத் தனக்கு எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். சொந்த அக்காவிடம் இதைக் கேட்க இவளுக்கு ஏன் இத்தனை காலம் பிடித்தது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. "நாளைக்கே எழுது" என்றேன்.

அடுத்த கிழமை அவளே தொலைபேசி எடுத்தாள். "அக்கா, உறுதி எழுதிற நொத்தாரிசிட்டைப் போனனான். அத்தான்ரை கையெழுத்தும் வேணுமாம்."

அது எங்கள் யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டம். கல்யாணமான பெண் தன் காணியை விற்பதென்றாலும் சும்மா கொடுப்பதென்றாலும் புருஷன் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். காணி அவளுடைய தாய் தகப்பன் தந்ததாக இருந்தாலும் அப்படித்தான்.

அத்தான் என்று தங்கச்சி சொல்கிற மனுஷனும் நானும் பிரிந்து பல வருஷமாயிற்று. நாங்கள் குடியேறிய டென்மார்க்கின் சட்டப்படி முறையாக விவாகரத்து எடுத்து அவர் விபோர்க் நகருக்குப் போய்விட்டார், நான் கோல்டிங் நகரிலேயே இருந்துவிட்டேன். ஊருக்கு மட்டும் சொல்லவில்லை. அம்மா இருக்கும்வரை வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்தோம். நாங்கள் சண்டை பிடிக்காமல் எடுத்த முடிவு அது ஒன்றுதான். அம்மா போனபின் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அப்படியே விட்டாயிற்று. "அத்தான் எங்கை?" என்று தங்கச்சி கேட்பாள். "வேலைக்குப் போட்டார்" என்பேன். அதில் என்ன பொய், எங்கேயோ வேலைக்குத்தானே போயிருப்பார். வருஷா வருஷம் ஊரிலிருந்து வருகிற ஆட்களிடம் அவர் போட என்று ஒரு புதுச் சேட்டும் கொடுத்துவிடுவாள். எல்லாம் மடிப்புக் குலையாமல் என் அலுமாரியில் கிடந்தன.

சரி, விபோர்க்குக்குப் போய்க் கையெழுத்து வாங்குவோம் என்று முடிவு கட்டினேன். அந்த மனுஷன் கெட்டவரில்லை. ஆனால் தன்னைக் கேட்காமல் எப்படி முடிவெடுத்தாய் என்று தொடங்குவார், பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்பார், யோசித்து முடிப்பதற்குள் ஊரில் மாரியும் வந்துவிடும். அவரைக் கேட்டுக் கேட்டு வாழ முடியாமல்தானே நான் பிரிந்ததே.

இந்த எரிச்சலையெல்லாம், நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு உருளைக்கிழங்கு உரிக்கிற ஈரான்காரியிடம் கொட்டினேன். இருவருக்கும் டேனிஷ் நொண்டிதான், ஆனாலும் கதை ஓடும். அவள் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"உன்ரை காணியைக் குடுக்க அவனைக் கேக்கவேணுமோ?" என்றாள். "எங்கடை ஊரிலை அந்தக் காலத்திலேயே பொம்பிளையள் தங்கடை சொத்தைத் தாங்களே வித்தவை."

அவர்களுடைய பரம்பரையில் ஒரு பெண் தன் மாதுளைத் தோட்டத்தை விற்ற கதையைச் சொன்னாள். பத்திரம் எழுதுகிற முல்லா முன்னறையில் இருந்தாராம், அந்தப் பெண் திரைக்குப் பின்னால். அவளுடைய குரலைத் தெரிந்த இருவர், இது இன்னாரின் மகள்தான் என்று சாட்சி சொல்ல, அவள் 'விற்றேன்' என்றாளாம். அவ்வளவுதான். வாங்கினவன் மாதுளங்காய் பறிக்க வந்தபோதுதான் புருஷனுக்கே விஷயம் தெரியவந்ததாம்.

"அப்ப உங்கடை சட்டம் திறம் எண்டு சொல்லு" என்றேன். எனக்குப் பொறாமைதான்.

"என்ன திறம்? தகப்பன் செத்தால் அண்ணனுக்கு ரெண்டு பங்கு, தங்கச்சிக்கு ஒண்டு. அந்த ஒண்டுக்கும் ஒரு கம்பளத்தைக் குடுத்து, சமாதானமாப் போவம் எண்டு எழுதி வாங்கிப்போடுவாங்கள்."

"எங்களிலை சீதனம் தந்தாச்செண்டால், பிறகு தகப்பன்ரை சொத்தைப் பற்றி வாய் திறக்கேலாது."

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "பொறு. உனக்குத்தான் புருசனே இல்லையே. ஆர் சம்மதம் தாறது?"

நான் கிழங்கும் கையுமாக அப்படியே நின்றேன். ஊருக்குச் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன் போல. இல்லாத புருஷனிடம் சம்மதம் கேட்க ரயில் நேரம் பார்த்து வைத்திருந்தேனே, என் புத்தியை என்ன சொல்வது. ஆனால் புருஷன் இல்லை என்று காட்ட விவாகரத்துப் பத்திரத்தை அனுப்புவதென்றால் தங்கச்சிக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து உடுப்புக்கூட மாற்றாமல் அவளுக்கு எடுத்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தேன்.

"பிள்ளை, லைனிலை நிக்கிறியோ?"

"ஓம் அக்கா. அப்ப அத்தானைக் கேக்கத் தேவையில்லையோ?"

"இல்லை."

அவள் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. "நான் அந்தாளை நினைச்சுத்தான் அக்கா இவ்வளவு காலமும் கேக்கேல்லை. அவர் மாட்டன் எண்டு சொல்லி, என்னாலை உங்கள் ரெண்டு பேருக்கையும் பிரச்சினை வந்திட்டால் எண்டு பயம்."

இல்லாத ஒரு குடும்பம் குலைந்துவிடக் கூடாதென்று என் தங்கச்சி ஒழுக்குக்குக் கீழே சட்டி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. "அப்ப நான் விட்ட சேட்டெல்லாம்?" என்றாள்.

"அலுமாரியிலை."

"பிரிக்காமலோ? அப்ப திருப்பி அனுப்புங்கோ அக்கா. இவருக்கு அளவாத்தான் இருக்கும்."

விவாகரத்துப் பத்திரத்தை மொழிபெயர்த்து முத்திரை குத்தி அனுப்பினேன். அதுவே காணும், வேறு கையெழுத்து வேண்டாம் என்றார் நொத்தாரிசு. எனக்காகக் கையெழுத்து வைக்க ஊரிலிருக்கும் மச்சாள் ஒருத்திக்கு அதிகாரம் கொடுத்தேன். எழுதி முடித்த அன்றே தங்கச்சி எடுத்தாள். நொத்தாரிசின் அலுவலகத்தில் எழுதுகிற பெடியன் பழைய உறுதியைப் பார்த்துவிட்டு, அக்காவின் புருஷனுடைய சம்மதம் எங்கே என்று கேட்டானாம். அறை நிறைய ஆட்களாம், தெரிந்த முகங்களும் இருந்தனவாம்.

"நான் சொல்லிப்போட்டன் அக்கா. அக்காக்குப் புருசன் இல்லை, அது அவவின்ரை காணி, அவ தாறா எண்டு. எல்லாருக்கும் கேட்டிருக்கும். உங்களுக்குக் கோவமோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். "இன்னொருக்காச் சொல்லு."