தேவராஜ் அண்ணன் வீட்டுக் காற்றாடி

போன வாரம் மகள் தன் கம்ப்யூட்டருக்குப் புது பிராசசர் வாங்கித் தானே மாட்டினாள். சுவிட்சைப் போட்டதும் வீடே அதிர்ந்தது. "அப்பா, இது ஏம்ப்பா லாரி மாதிரி உறுமுது?" என்று கூப்பிட்டாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இருபது வருடங்களுக்கு முன் மாசாய் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இதே வேலையாக இருந்தவன் நான். ஸ்குருடிரைவரைத் தேடி, அது சமையலறையில் கரண்டிகளுக்கு நடுவே அகப்பட்டு, நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருவதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. பிராசசரை ஆற்றும் காற்றாடியின் வயரைக் கழற்றிப் பக்கத்து முனையில் செருகியிருந்தாள். "தப்பான எடத்துல குத்திட்டேன்பா, அவ்ளோதான்" என்றாள்.

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். அவள் விரல் நுனியில், பிராசசர் மேல் தடவும் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. அதைத் துடைத்த துணியில் ஸ்பிரிட் வாசனை. அந்த வாசனைதான் என்னைத் தேவராஜ் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது.

அவர் பாசிர் கூடாங் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டியவர். ஒரு விபத்தில் வலது கால் நசுங்கி, வேலை போய், வீட்டோடு இருந்தார். வீடு என்றால் நான்கு மாடி பிளாட்டில் வாடகைக்கு எடுத்த ஒரே ஓர் அறை. தமிழ் டைப்பிங்கைத் தானே பழகிக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் வடிவமைத்துக் கொடுப்பார். பெரிய படத்தைத் திறந்தால் பழைய கம்ப்யூட்டர் உறைந்து நின்றுவிடும். அதனால்தான் பிராசசரை மாற்றச் சொல்லி எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். மாற்றிக் கொடுத்தது நான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். உலகத்தில் எனக்குத் தெரியாத கம்ப்யூட்டர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். பெட்டியை அவரே தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி எடுத்துப்போனார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "தம்பி, காத்தாடி ரொம்பக் கத்துதுப்பா."

போனேன். மேசைக்கு அடியிலிருந்து பெட்டி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பிரஷ்ஷால் தூசி தட்டினேன். "புது பிராசசர்னா அப்படித்தாண்ணே. போகப் போகப் பழகிடும்" என்றேன். எது எதற்குப் பழகும் என்று அவர் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி போன். இந்தமுறை பெட்டிக்கு அடியில் ஸ்பாஞ்சு வைத்து, கூடுதலாக இன்னொரு காற்றாடியையும் மாட்டினேன். இப்போது இரண்டும் சேர்ந்து கத்தின. அண்ணன் அதற்கும் "பரவால்ல தம்பி" என்றார்.

மூன்றாவது முறை போனபோது பிற்பகல். அன்றுதான் அவர் மனைவி விமலா அக்காவை முதன்முதலாகப் பார்த்தேன். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். மேசையை ஒட்டி விரித்திருந்த மெத்தையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முழங்கையில் பெரிய பிளாஸ்டர். "முந்தாநேத்து வேலைக்குப் போறப்ப மோட்டார் ஓட்டிக்கிட்டே கண்ணசந்துட்டா. நல்லவேள, புல்லுல விழுந்தா" என்றார் அண்ணன், அடங்கிய குரலில்.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, பிராசசர் மேல் உட்கார்ந்திருந்த அலுமினியத் தகடுகளைத் தொட்டேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. மேலே காற்றாடி உயிரைக் கொடுத்துச் சுற்றுகிறது. கீழே தகடுகள் ஜில்லென்று இருக்கின்றன. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், பிராசசரின் சூடு தகடுகளுக்கு வந்து சேரவேயில்லை என்று. உறைக்கவில்லை.

மெத்தையில் அசைவு கேட்டது. விமலா அக்கா எழுந்து, தூங்காத கண்களோடு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருக்குத் தொழிற்சாலையில் வேலையே லென்ஸ் வைத்துச் சர்க்யூட் போர்டில் குறை கண்டுபிடிப்பது. பார்த்த மாத்திரத்தில் கேட்டார்:

"அந்த ஒரு கால் மட்டும் ஏன் தம்பி ஒசரமா நிக்குது?"

அந்தத் தகடுகளை போர்டோடு பிடித்துவைக்க நான்கு பிளாஸ்டிக் கால்கள் உண்டு. டக்கென்று சத்தம் வரும்வரை அமுக்கவேண்டும். மூன்று அமுங்கியிருந்தன. நான்காவது மேலே நின்றது. அதனால் தகடுகள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, பிராசசரைச் சரியாகத் தொடவில்லை. கொதிக்கும் பிராசசரை ஆற்றுவதற்குத்தான் காற்றாடி அந்த ஓட்டம் ஓடியது.

"மோட்டார்ல போறப்ப குலுங்கிக் கழண்டிருக்கும்" என்றேன். வாய் தானாகச் சொல்லியது.

"ஆமா, ஆமா" என்றார் தேவராஜ் அண்ணன் உடனே. "நான்தான் கட்டுனேன். மெதுவா ஓட்டியிருக்கணும். என் தப்புதான் விமலா."

அந்த வேகம்தான் என்னை உலுக்கிவிட்டது. வீட்டில் எது கெட்டாலும் தன்மேல் போட்டுக்கொள்ள அவர் பழகிவிட்டிருந்தார். அக்கா என்னையே பார்த்தார். குலுங்கினால் அந்தக் கால் கழலாது என்று அவருக்குத் தெரியும்.

"இல்லண்ணே," என்றேன். "கடையிலயே நான் சரியா அமுக்கல. அன்னைக்கு அவசரமா பூட்டிட்டேன். வந்த ரெண்டு தடவையும் இதப் பார்க்கவேயில்ல."



"சரி, இப்பயாச்சும் அமுக்கு" என்றார் அக்கா.

கம்ப்யூட்டரை நிறுத்தி, பெட்டியைப் படுக்கவைத்து, தகடுகளைக் கழற்றிப் பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். புதுப் பசை வைத்துக் கால்களை ஒவ்வொன்றாக அமுக்கினேன். நான்கு டக். அக்கா விரல் மடக்கி எண்ணினார். பிறகு சுவிட்சைப் போட்டேன். கீழே யாரோ துணி தட்டும் சத்தம் கேட்டது. அவ்வளவு அமைதி. நான் ஸ்குருக்களைப் பொறுக்கி முடிப்பதற்குள் அக்கா தூங்கிப்போயிருந்தார்.

அண்ணன் என்னை வெளியே அழைத்துப்போனார். மாடி நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடி சொன்னார்.

"காத்தாடி கத்த ஆரம்பிச்சதுலேர்ந்து பகல்ல அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டிருந்தா தம்பி, தூங்கணும்னு. நான் நம்பல. இந்த நொண்டியோட இருக்கப் புடிக்கலன்னு நெனச்சேன். நாலு நாளைக்கு முன்ன வாய்விட்டுக் கேட்டுட்டேன். அதுலேர்ந்துதான் வீம்பா இங்கயே படுக்கிறா."

மலாய்க்காரர்கள் ஐயோ என்பதுபோல், "அலமாக், அண்ணே..." என்றேன். அவர் சிரித்துவிட்டார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். என் கல்யாணப் பத்திரிகையும் அவர் செய்ததுதான். அக்காவின் சொந்த ஊரான பாலோவில் வீடு கிடைத்துப் போனார்கள். பழைய போனோடு அவர்களுடைய நம்பரும் போய்விட்டது.

கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் பல் டாக்டர் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை மாசாய் பக்கம் போனவன் அந்த பிளாட்டில் ஏறிப் பார்த்தேன். பிற்பகல் இரண்டு மணி. அந்தக் காலத்தில் அந்நேரம் படியேறுகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். ஒரு கதவு விட்டு ஒரு கதவு இரவு ஷிப்ட்காரர்கள் தூங்குவார்கள். பிள்ளைகள்கூட நடைபாதையில் கிசுகிசுத்துத்தான் விளையாடும். இப்போது எல்லா வீட்டிலும் டிவி. தேவராஜ் அண்ணன் இருந்த வீட்டு வாசலில் இரண்டு பையன்கள் பந்தை உதைத்துக் கதவில் அடித்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாக என்று சொல்லக் கையை உயர்த்தினேன். உயர்த்திய கையை இறக்கிக்கொண்டேன். உள்ளே இப்போது தூங்குகிறவர் யாரும் இல்லை.