பூண்டு தின்றும் குறையாத பிரஷர்

ஒப்புக்கொள்கிறேன். இயற்கை உணவாலேயே பிரஷரைக் குறைப்பேன் என்று ஒரு மாதமாக உங்களிடம் பீற்றியவன், இன்று இரணியலில் டாக்டரைப் பார்க்க வரிசையில் நின்றேன். குறையாவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரை என்று சொல்லியிருந்தார்.

அளந்து பார்த்தால், போன மாதத்தைவிடக் கூடுதல்.

"பூண்டு எப்பிடித் திங்கிய, அண்ணாச்சி?" என்றாள் நர்ஸ்.

"ஊறுகாயா."

"வாழப்பழம்?"

"பழுக்க எங்க விடுதோம்? ஏத்தங்காயிலயே சிப்ஸ் போட்டுருவோம்."

"மோரு?"

"உண்டு. தொட்டுக்க மோர்மிளகாயும் உண்டு."

பின்னால் நின்ற என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "இவிய திங்கதுல இயற்கையானது உப்பு மட்டுந்தான் மக்கா."

மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

என் பேச்சைக் கேட்டுப் பூண்டு தின்றவர்கள், எப்படித் தின்றீர்கள் என்று கீழே சொல்லுங்கள்.

முதல் மாத்திரை போட்டாயிற்று. கசப்புக்கு ஒரேயொரு சிப்ஸ்.