கரகரப்பு நிற்கும்வரை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் பழைய கம்ப்யூட்டர் என்றால் இந்த ஊரில் என்னை விட்டால் ஆளில்லை. என் மனைவியின் தம்பி அச்சகம் வைத்திருக்கிறான். அவனுடைய கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் செத்தபோது, அதைக் கழற்றிவிட்டு மெமரி கார்டு பொருத்திக் கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் அந்தக் கம்ப்யூட்டரையும் ஒரு சுத்தியலையும் தூக்கிக்கொண்டு என் ரிப்பேர் கடைக்குள் பாய்ந்தான். அந்தச் சுத்தியலால் என் மேசைக் கண்ணாடியை நொறுக்கினான். முகத்தில் ஒரு குத்து விட்டான். என் முன்பல் தெறித்தது. நானும் அவன் மூக்கை உடைத்தேன்.

"மூணு தடவ, அச்சுக்கு டைப் அடிச்ச புத்தகம் மொத்தமும் அழிஞ்சு போச்சு மாமா!"

"சேவ் பண்ணினியாடா?"

"பண்ணினேன். சத்தமே இல்ல, முடிஞ்சிருச்சுன்னு உடனே அணைச்சேன்."

அப்போதுதான் விளங்கியது. இருபது வருஷமாக டிஸ்க்கின் கரகரப்பு நின்ற பிறகே அணைத்துப் பழகியவன் அவன். கார்டுக்கோ சத்தம் கிடையாது; அது எழுதி முடிக்கும் முன்பே அணைத்திருக்கிறான்.

"பத்து நிமிஷம் குடு."

"சரியாகலேன்னா இந்தக் கம்ப்யூட்டரோட சேர்த்து உங்க மண்டையும் உடையும்."

ரத்தத்தைத் துப்பிவிட்டு, மின்சாரம் பாயும்போதெல்லாம் டக்கென்று அடிக்கும் சின்ன ரிலே ஒன்றை டிஸ்க் எழுதும்போது மின்னும் விளக்கின் வயரோடு சேர்த்துப் பற்றவைத்தேன். கம்ப்யூட்டரைப் போட்டு, சேவ் கொடுத்தேன். கரகர, டக்டக் என்று பழைய டிஸ்க்கே உயிர்த்ததுபோல் கேட்டது. வேண்டுமென்றே சுவிட்ச் பக்கம் கையை நீட்டினேன்.

சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். "இருங்க மாமா, இன்னும் எழுதுது!"

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குப் பல் மட்டும்தான் போயிற்று.