கறுப்பு மீசை

எதிர்வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஆகாது; அவர் வேறு கட்சி, இப்போது நகராட்சியை ஆளும் கட்சி. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வேலையாக இருந்தபோது, சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் படம் போனில் வந்தது. எப்போது எடுத்தது என்று யாரிடமும் கேட்கவில்லை. "இவங்க ஆட்சி லட்சணம்" என்று எழுதி, நான் அட்மினாக இருக்கும் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

மறுநாள் ஊர் திரும்பியதும் டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "வே, தெருவுல எங்க தண்ணி நிக்கு? படத்தைப் பெருசாக்கிப் பாரும். வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு நடுவுல நிக்கது யாரு?"

பார்த்தேன். நான்தான். மீசை கன்னங்கரேலென்று இருந்தது. இப்போது அதில் ஒரு கறுப்பு முடி கிடையாது.

"அப்ப நகராட்சி உங்க ஆளுங்க கையிலதான இருந்துச்சு?" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். படத்தை அழிக்கவில்லை. அவரைத்தான் குரூப்பிலிருந்து நீக்கினேன்.