அப்பா நிரப்பிய என் விருப்பங்கள்

எண்பதுகளில், நான் ஒன்பதாம் வகுப்பான மூன்றாம் படிவம் படித்தபோது, எங்களுக்கு எந்தத் தொழிலில் விருப்பம் என்று கண்டுபிடிக்கப் பள்ளியில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் பிடிக்கும், பிடிக்காது என்று கோடு போட்டால் போதும். அதைப் பார்த்து ஆலோசனை டீச்சர் அறிவியல் பிரிவா, கலைப் பிரிவா என்று சொல்லிவிடுவார். அறிவியல் பிரிவு எனக்கு வேண்டவே வேண்டாம். அப்பாவுக்கோ, நான் டாக்டராவது என் பிறப்புச் சான்றிதழிலேயே எழுதியிருந்த விஷயம்.

பெற்றோர் கையெழுத்துக்காகத் தாள் நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தது. ரயில்வே அலுவலகத்தில் விண்ணப்பத் தாள்கள் நிரப்பியே தலை நரைத்த அப்பா, பேனாவை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"இதுல சரி, தப்பு கிடையாதுப்பா."

"சரி தப்பு இல்லாத டெஸ்ட்டு எங்கடா இருக்கு? நீ எழுதினா பெயிலாயிடுவே. போ, போய் மைலோ கலக்கு."

முதல் பக்கத்தில் நான் நுண்ணோக்கியை விரும்பினேன். தவளை அறுப்பதை விரும்பினேன். ரத்தத்தைப் பார்த்தும் அஞ்சவில்லை. இரண்டாம் பக்கத்தில் பேனா தயங்கியது: 'கூட்டத்தின் முன் பாடுவது.' கோயில் திருவிழாவில் அப்பா பிடித்த மைக்கைத் திரும்ப வாங்க இரண்டு பேர் வேண்டும். 'நாடகத்தில் நடிப்பது.' 'மேடையில் பேசுவது.' அவர் என்னை மறந்துபோனார். 'பிடிக்கும்' கோடுகள் சிலவற்றை இரண்டு தடவை போட்டார்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் என்னோடு அப்பா, அம்மாவையும் கூப்பிட்டார்.

"ஐயா, உங்க மகனுக்கு மேடைன்னா உசுருலா. முதல் பக்கம் மட்டும் யாரோ மிரட்டி எழுத வெச்ச மாதிரி இருக்கு. கலைப் பிரிவுல போட்டுடலாம்."

வகுப்பில் என் பெயரைச் சொல்லவே வியர்த்துப்போகும் நான், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வாயைத் திறந்தார். தப்பு என்று சொன்னால், எழுதியது யார் என்றும் சொல்லவேண்டும். மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அம்மா, "டெஸ்ட்டு சரியாத்தாங்க சொல்லியிருக்கு. ஆளைத்தான் மாத்திச் சேத்துட்டாங்க" என்றாள்.

"பஸ் வருது பாரு" என்றார் அப்பா.

தப்பித்தேன் என்று நினைத்தேன். டீச்சர் அந்தத் தாளை நம்பி என்னைப் பள்ளி நாடகத்தில் ராஜாவாக்கினார். வீட்டில் தினமும் அப்பா காதுபட மனப்பாடம் செய்தும், மேடையேறி, இரண்டாவது வசனத்திலேயே வாயடைத்து நின்றேன். முதல் வரிசையிலிருந்து மீதி வசனம் கணீரென்று வந்தது. அரங்கம் கைதட்டியது.

அப்பா எழுந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கும்பிட்டார்.