கைப்பிடியைக் கழற்றிய பிறகு

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் பாபகூரா என்ற வெளிநாட்டுப் புறநகரில் வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்கு இரவு வேலை, எனக்குப் பகலில் தையல் தொழிற்சாலை. நான் புறப்படும்போது அவர் வந்து படுப்பார். நான் திரும்பும்போது சாப்பாட்டுப் பெட்டியோடு வாசலில் நிற்பார். யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாத காலம் அது. தொழிற்சாலையில் என் ஆங்கிலத்தைக் கேட்டு இரண்டு பெண்கள் சிரித்ததிலிருந்து அங்கே வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். எனக்கு ரோசம் கொஞ்சம் கூடுதல். அதனால் ஒரு வார்த்தை பேசாமலே சில நாட்கள் பொழுது போய்விடும். என் குரலே எனக்கு மறந்துவிடுமோ என்று உண்மையாகவே பயந்தேன்.

காலை ரயிலுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் வருவார். ஐம்பது வயதிருக்கும், கண் தெரியாது. நகரத்தில் ஏதோ அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. ஒரு கறுப்பு நாய் அவரைக் கூட்டிவரும். அதன் முதுகில் தோல்வார் கட்டியிருக்கும். வாரிலிருந்து நிமிர்ந்து நிற்கும் கைப்பிடியை அவர் இடக்கையால் பிடித்திருப்பார். ஊரில் நாயைக் கண்டால் கல்லைத் தேடுகிற ஆள் நான். ஆனால் இந்த நாய் போகிற போக்கில் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அப்படி என்னைப் பார்த்த சீவன் அந்த நாட்டில் வேறு இல்லை.

ஒருநாள் என்னையறியாமல், "வா ராசா, இஞ்ச வா" என்றுவிட்டேன். அது வந்தது. கூடவே அவரும் இழுபட்டு, பெஞ்சில் முழங்கால் இடித்து, விழப் பார்த்தார். வேலை செய்கிற நாயைக் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, தண்டவாளப் பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடுமையாகக் கேட்டார். இதற்காகத்தான் நாயின் பெயரை அவர் யாருக்கும் சொல்வதில்லையாம். மன்னிப்புக் கேட்க எனக்கு ஆங்கிலம் வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். ஒரு நாயோடு பேசவும் இந்த நாட்டில் விசா வேண்டுமா என்று கோபம் வேறு.

மறுநாளிலிருந்து பிளாட்பாரத்தின் அடுத்த கோடியில் போய் நின்றேன். அந்த வாரமே நாய் அவரை நேரே அங்கே கூட்டிவந்து நிறுத்தி, வாலால் என் காலில் அடித்தது. அன்றைக்குக் கூப்பிட்டது நீங்களா என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். இன்னும் பலமாக ஆட்டினேன். கண் தெரியாதவரிடம் இரண்டு தரம் தலையாட்டிய அறிவுக்கொழுந்து நானாகத்தான் இருக்கும். ஜிமிக்கி ஆடிய சத்தம் கேட்டிருக்க வேண்டும், சிரித்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பிடியைக் கழற்றி மடியில் வைத்தார். இப்போது அதற்கு வேலை இல்லை, ரயில் வரும்வரை பேசலாம் என்றார்.

பிறகு தினமும் அப்படித்தான். அவர் கைப்பிடியைக் கழற்றுவார், நான் ராசாவிடம் கொட்டித் தீர்ப்பேன். அம்மாவின் கடிதம் வராததை, கணவரின் இருமலை, யாரிடமும் சொல்லாத ஒன்றை, வயிற்றில் தங்காமல் போன பிள்ளையைப் பற்றிக்கூடச் சொன்னேன். அது தாடையை என் பாதத்தில் வைத்துக் கேட்கும். அவர் ரயில் வரும் திசைக்கு முகத்தை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். என்ன சொன்னாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பக்கத்தில ஆள் இருக்க, நீர் நாயோடயே கதைக்கிறீர்?" என்றார் கணவர்.

எனக்கு அது போதும் என்றேன். போதுமாகத்தான் இருந்தது.

நாய்க்கு வயதாகிக்கொண்டு வந்தது. படியேற மூச்சு வாங்கியது. ஒரு திங்கட்கிழமை அவர் தனியாக, வெள்ளைப் பிரம்பால் தட்டித் தட்டி வந்தார். அவர் வழக்கமான இடத்தில் உட்கார, நான் கொஞ்சம் தள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாலாட்டிக் காட்டிக்கொடுக்க நாய் இல்லை. சத்தம் காட்டாமல் ரயிலேறிப் போய்விடலாம். இன்றைக்கு அப்படிப் போனால் நாளைக்கும் அப்படித்தான், அதற்குப் பிறகு எனக்கு யாரும் இல்லை.

அவர் பிரம்பை மடித்து மடியில் வைத்தார். யாருமில்லாத பக்கம் முகத்தைத் திருப்பி, நாய்க்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், புல்வெளி உள்ள ஒரு குடும்பத்தோடு நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த நாய் கிடைக்க மாதக்கணக்காகுமாம். காலையில் மறந்துபோய் அதன் தட்டில் சாப்பாடு போட்டுவிட்டு, அது வரும் சத்தத்துக்காக நெடுநேரம் நின்றாராம்.

பிறகு கேட்டார்: "நீங்கள் இங்கேதான் நிற்கிறீர்களா?"

தலையாட்டினால் போதும், ஜிமிக்கி சொல்லிவிடும். ஆனாலும் வாயைத் திறந்தேன்.

"ஓம்" என்றேன்.

அவர் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.